முடிவுக்குப் பிறகும் பங்கு கேட்பவர்கள்

2024 ஜூன் 21-ஆம் தேதி ‘ககனச்சாரி’ என்ற மலையாளப் படம் திரைக்கு வந்தது. ஆறு நாள் கழித்து ‘கல்கி 2898 ஏ.டி.’ தெலுங்கிலும் தமிழ், மலையாள மொழிமாற்றங்களோடும் வந்தது. இரண்டுமே உலகம் ஒருமுறை முடிந்துபோன பிறகு நடக்கும் கதைகள். அருண் சந்துவின் ‘ககனச்சாரி’ 2040-களின் கேரளத்தில், ஒரு பதுங்கறைக்குள் மூன்று ஆண்களையும் வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தியையும் வைத்துச் சின்னச் செலவில் எடுத்த படம். நாக் அஷ்வினின் ‘கல்கி’யில் கங்கை வற்றிவிட்டது, மழை இல்லை, மிச்சமிருக்கும் ஒரே நகரம் காசி. அந்தக் காசிக்கு மேலே ‘காம்ப்ளக்ஸ்’ என்ற பிரம்மாண்டக் கட்டடம் தலைகீழாகத் தொங்குகிறது. தண்ணீர், பச்சை, பழம் எல்லாம் அதற்குள் போய்விட்டன. பிரபாஸ் ஏற்ற பைரவன் முதலில் ஆசைப்படுவது உலகைக் காப்பாற்ற அல்ல. பத்து லட்சம் யூனிட் சேர்த்து அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு படங்களையும் தாய்மொழிப் படம்போலப் பார்க்கக்கூடிய ஊர்கள் கேரளத்தின் கிழக்கு ஓரத்தில் நிறைய உண்டு. வேலந்தாவளம் அதில் ஒன்று. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, வடகரப்பதி பஞ்சாயத்து. கோவையிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். பெண் எடுத்ததும் கொடுத்ததும் பாதிக்குப் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் தெரிவதெல்லாம் சோதனைச்சாவடியால்தான். இரவெல்லாம் லாரிகள் வரிசைகட்டி நின்ற இடம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை நின்றபோது அந்த வரிசையும், வரிசையை நம்பிய டீக்கடை, பரோட்டாக்கடை வியாபாரமும் சுருங்கின.

உலகம் முடிந்த பிறகு நடக்கும் படங்களைப் பற்றி எழுத இந்த ஊரிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? இந்தப் படங்களின் நல்ல பகுதிகளில் வரும் கேள்விகள் பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழர்களின் நூறு வருடக் கதையிலும் இருக்கின்றன. தண்ணீர் யார் கையில், வாசலை யார் திறப்பது, இருந்த வாழ்க்கையை யார் நினைவில் வைத்திருப்பது. இடிந்த கோபுரமும் எரிந்த நகரமும் சுவரொட்டிக்கு நன்றாக இருக்கும். படம் மனதில் நிற்பது, பிழைத்தவர்கள் தங்கள் பங்கைக் கேட்கும் இடத்தில்தான்.

ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ 2015-ல் வந்தது. பாலைவனத்தின் நடுவே ஒரு பாறைக்கோட்டை. அடியில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைக்கும் எந்திரம் ஒரே ஒருவன் கையில். கீழே ஓட்டைச் சட்டியும் கிண்ணமுமாக ஜனங்கள் நிற்க, மேலே மதகு சில நொடி திறக்கிறது, உடனே மூடுகிறது. தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று அவன் அறிவுரை வேறு சொல்கிறான். அந்தத் தண்ணீருக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ‘அக்வா கோலா’.

வேலந்தாவளம் இருக்கும் அதே சித்தூர் தாலுகாவில்தான் பிளாச்சிமடை. பெருமாட்டி பஞ்சாயத்து. 2000-ஆம் ஆண்டு இந்துஸ்தான் கோகோ கோலா ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தினமும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் போனது. கொஞ்ச நாளிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. மிச்சமிருந்த தண்ணீரின் ருசி மாறியது. அதில் பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. பெண்கள் குடத்தோடு தூரத்துக் கிணறுகளுக்கு நடந்தார்கள். ஆலைக் கழிவின் சகதியை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் பிபிசி வானொலி அதைச் சோதிக்கக் கொடுத்தபோது காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது.

ஆலை வாசலில் போராட்டம் 2002 ஏப்ரல் 22-ல் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் இரவாளர், மலசர் சமூகத்தினர். வீட்டில் தமிழ் வழக்குப் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவரான மயிலம்மா, பள்ளிக்கூடம் போகாத பெண், அந்தப் போராட்டத்தின் முகமானார். பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, நிலம் வைத்திருப்பதாலேயே ஒருவர் அளவில்லாமல் உறிஞ்ச முடியாது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் ஆலைக்குச் சாதகமான உத்தரவு வந்தாலும், 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி மறுபடி தொடங்கவே இல்லை. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். சேதம் 216.26 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் கணக்கிட்டது. நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பி வந்தது.

பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் எடுத்த ‘1000 நாட்களும் ஒரு கனவும்’ ஆவணப்படம் இந்தப் போராட்டத்தைப் பதிவு செய்திருக்கிறது. அதையும் ‘ஃப்யூரி ரோட்’டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பேன். மில்லர் எதிர்காலம் என்று காட்டிய கோட்டை நமக்குப் பழைய செய்தி. ஆனால் மில்லரின் கதையில் விடுதலைக்கு ஒரு போர்லாரியும் துப்பாக்கியும் வேண்டியிருக்கிறது. பிளாச்சிமடையில் ஓலைப்பந்தல் போட்டு ஆயிரம் நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். திரைக்கதை ஆசிரியர்களுக்குக் கஷ்டம் தருவது இந்த உட்காருதல்தான். இரண்டு மணி நேரத்தில் அதை எப்படிக் காட்டுவது? கே. பாலசந்தர் 1981-லேயே ஒரு வழி காட்டினார். கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து வந்த ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தில் அணுகுண்டும் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை. ஒரு கிராமம், வெகுதூரத்தில் ஓர் ஊற்று, ஒரு மாட்டுவண்டி, குறுக்கே அரசு அலுவலகம். தமிழில் இதுவரை வந்த பிழைப்புப் படங்களில் அதை மிஞ்சியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலந்தாவளம் பக்கத்துத் தண்ணீர்க் கதையில் வில்லன் ஒருவனைச் சுட்டிக்காட்டவும் வழியில்லை. மேற்கே மழை கொட்டும் கேரளத்தில் இது மழைமறைவுப் பகுதி. தென்னந்தோப்புகளுக்கு ‘போரு’ போட்டால் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வருகிறது என்ற பேச்சு இங்கே சாதாரணம். கேரளாவெங்கும் போகும் கள்ளு இந்தச் சித்தூர்த் தோப்புகளில்தான் இறங்குகிறது. அந்தத் தோப்பு உயிரோடு இருக்க வாய்க்கால் தண்ணீர் வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதலே செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். இந்தப் பக்கம் அது வரவில்லை என்று சாலை மறியல், அந்தப் பக்கம் கொடுக்கத் தண்ணீர் இல்லை என்று பொள்ளாச்சி விவசாயிகளின் வேதனை. இரண்டு பக்கத்திலும் மறியலில் உட்காருகிறவர்கள் பேசுவது ஒரே கொங்குத் தமிழ். மூலத்தறை வலதுகரைக் கால்வாயை இந்த வறண்ட கிழக்குப் பகுதிக்கு நீட்ட வேண்டும் என்பது இவர்களின் நெடுநாள் கோரிக்கை. கோட்டையைத் தகர்த்துவிட்டால் எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கும் என்று படத்தில் முடிக்கலாம். மணக்கடவில் தகர்க்க ஒன்றும் இல்லை. அளந்து பிரித்துத்தான் ஆக வேண்டும், ஒவ்வொரு வருடமும்.

வாசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மார்ச் ஊரடங்கில் எல்லை மூடியது. மே மாதம் வெளிமாநிலங்களிலிருந்து திரும்புகிறவர்களுக்காகக் கேரளம் ஆறு வாசல்களைத் திறந்தது. பாலக்காட்டுக்கு வாளையாறு. வேலந்தாவளம் பட்டியலில் இல்லை. சம்பந்தி வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, பாஸ் இல்லாமல் போக முடியாது என்ற நிலை. அல்ஃபோன்சோ குவாரோனின் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) படத்தில் எல்லையில் கூண்டு வைத்து மனிதர்களைத் தரம் பிரிப்பார்கள். 2020 மே மாதம் வாளையாற்றில் பாஸ் இல்லாமல் வெயிலில் நின்றவர்களின் படங்களைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. கேரள வெள்ளத்தைப் பற்றிய ஜூட் ஆண்டனி ஜோசப்பின் ‘2018’ படத்தில் கலையரசன் ஏற்ற தமிழ் லாரி ஓட்டுநர் ஒருவர் வெடிபொருளோடு கேரளாவுக்குள் வருவார். அந்தப் படத்தைக் கேரளம் தன் ஒற்றுமைக்கான சான்றாகக் கொண்டாடியது. அதில் எனக்கு உறுத்திய ஒன்று, வெள்ளம் வந்த ஊருக்கு ஆபத்தைச் சுமந்து வருகிறவர் தமிழராக இருப்பது. அந்த வெள்ளத்தில் எல்லையோரத் தமிழர்களும் கேரளத்தவர்களாகவே நனைந்தார்கள்.

வேலந்தாவளத்திலிருந்து மூணாறு போக வேண்டுமென்றால் வழி தமிழ்நாட்டுக்குள்தான். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, பிறகு மறுபடி கேரளம். மலை ஏறியதும் முதலில் மறையூர். சந்தனக்காட்டுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நடுவே பாறைமேட்டில் ‘முனியறை’கள் நிற்கின்றன. நாலு பக்கம் கல்பலகை, மேலே மூடுகல். பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்குக் கட்டியவை. முனிவர்கள் இருந்த அறை என்று ஊரில் சொல்வார்கள். கட்டியவர்களின் பெயரோ மொழியோ நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் ஊர் எங்கே இருந்தது என்பதும் தெரியாது. சுற்றிலும் இருக்கும் அஞ்சுநாட்டுக் கிராமத்தாரோ, தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து பிழைத்து ஓடி மலையேறி வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அழிந்துபோன ஒரு சமூகத்தின் கல்லுக்குப் பக்கத்தில், அழிவிலிருந்து தப்பிவந்த இன்னொரு சமூகம் நெல் விதைத்திருக்கிறது.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) இந்தக் கருவைத்தான் எடுத்தது. 1279-ல் சோழம் வீழ்ந்தபோது தப்பிய ஒரு கூட்டம் எங்கோ ஒரு தீவில் நூற்றாண்டுகளாகப் பசியோடு காத்திருக்கிறது, தஞ்சைக்குத் திரும்ப அழைக்கத் தூதுவன் வருவான் என்று. வெளியானபோது பலர் முகம் சுளித்தார்கள். படத்தின் முதல் பாதியில் வரும் பொறிகளும் பாம்புகளும் எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் பார்த்திபனின் அரசன் எலும்புக்கூடாகிப் போன தன் மக்களுக்கு முன்னால் நிற்கும் காட்சிகளுக்கு இந்தியத் திரையில் ஈடு குறைவு. அவர்களிடம் கோட்டை இருக்கிறது, சிலை இருக்கிறது, சோறு இல்லை. மணிமேகலையில் புகார் நகரைக் கடல்கொண்ட கதையைப் படித்து வளர்ந்த மொழிக்கு நகரம் அழிவது புதிதல்ல. அழிந்த பிறகு மிஞ்சியவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டது அந்தப் படம்.

மூணாறுக்கு ஒருமுறை அப்படி முடிவு வந்தது. 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் ‘99-ஆம் வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்கு முன் இந்த மலையில் ரயில் ஓடியது என்றால் இன்று நம்ப ஆளில்லை. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய குண்டளை பள்ளத்தாக்கு ரயில். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூருக்கு வண்டி. வாரக்கணக்கில் பெய்த மழையில் ரயிலும் போனது, மலைச்சாலையும் போனது, மீண்டும் தண்டவாளம் போடவே இல்லை. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவன அலுவலகமாகியது. டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ (1968) கடைசிக் காட்சியில் மணலில் புதைந்த சுதந்திர தேவி சிலையைப் பார்த்து உலகமே அதிர்ந்தது. இங்கே செல்ஃபி எடுக்க வரும் கூட்டம் ஒரு ரயில் பாதையின் முடிவில் நிற்கிறது, அது தெரியாமலேயே. அந்தப் பாதையில் பெட்டி ஏற்றிய தமிழ்க் கூலிகளின் பெயர்களைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? ரயில் எஞ்சினின் படம் கிடைக்கிறது.

பெயர்களை, சொற்களைக் காப்பாற்றி வைப்பதுதான் இந்தப் படங்களின் மற்றொரு பெரிய கவலை. ட்ரூஃபோவின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1966) படத்தில் புத்தகங்களை எரிக்கும் நாட்டில் ஒரு கூட்டம் காட்டுக்குள் ஒளிந்து, ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்யும். பாலக்காட்டுக்காரர்களுக்கு இது கற்பனையே இல்லை. நிளா ஆற்றுப்படுகையின் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. நீளமான கூத்துமாடம். முன்னே வெள்ளைத் திரை. உள்ளே 21 தேங்காய்மூடிகளில் எண்ணெய் விளக்கு எரியும். மான்தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் திரையில் விழ, புலவர் பாடுவது கம்பராமாயணம். மலையாள நாட்டின் நடுவே, மலையாளம் பேசும் வாயில், தலைமுறை தலைமுறையாகக் கம்பனின் விருத்தங்கள் மனப்பாடமாக வந்திருக்கின்றன. சில உச்சரிப்புகள் மாறியிருக்கின்றன, இடையிடையே விளக்கம் மலையாளத்தில் கலந்திருக்கிறது. தாரிகனோடு போரிட்டதால் ராம ராவணப் போரைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவது இது. ஆகவே மனிதர் ஒருவர்கூட எதிரே இல்லாவிட்டாலும் விடியும்வரை முழுக்கப் பாட வேண்டும். கோயிலுக்குள் மட்டும் இருந்ததைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கம்பனின் ஓலைகள் அத்தனையும் எரிந்துபோயிருந்தாலும் இங்கே யுத்தகாண்டம் பிழைத்திருக்கும்.

முல்லைப் பெரியாறு பற்றிப் பேசாமல் இடுக்கியைக் கடக்க முடியாது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணை. 2011-ல், அணை உடைவதைக் காட்டும் சோஹன் ராயின் ‘டேம் 999’ படத்தைத் தமிழக அரசு தடைசெய்தது. அந்த வருடக் கடைசியில் அணைத் தகராறில் குமுளி எல்லை பற்றியெரிந்தபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பயந்து தேனிக்கு இறங்கின. பேரழிவு இன்னும் வராத நிலையில், பேரழிவு பற்றிய பயமே மனிதர்களை வீட்டிலிருந்து துரத்த முடியும் என்பதற்கு அது சான்று. அணை உடைவதை வரைகலையில் காட்டும் படங்கள் இரண்டு பக்கத்திலும் கோபத்தைத்தான் வளர்க்கும். அந்த டிசம்பரில் மூட்டை முடிச்சோடு இறங்கிய ஒரு குடும்பத்தை யாராவது எடுத்தால் நான் முதல் நாள் போய்ப் பார்ப்பேன்.

பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6, இரவு. ராஜமலைக்கு அப்பால், நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷன். மலை உடைந்து லயங்கள் மேல் இறங்கியது. லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகள், வெள்ளைக்காரன் காலத்து அளவு. கரண்ட் இல்லை, போன் கிடைக்கவில்லை. தப்பியவர்கள் இருட்டில் நடந்துபோய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. செய்தி வெளியே எட்டியபோது விடிந்துவிட்டது. பெரியவரைப் பாலமும் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் மாட்டிக்கொண்டன. இறந்தவர்கள் 70 பேர் என்று கணக்கு. அதில் நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ‘குவி’ என்ற வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய குழந்தை ஆற்றில் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு. அங்கேயும் தெருத்தெருவாக இழவு விழுந்தது. கிடைத்த உடல்களை ராஜமலையிலேயே வரிசையாகப் புதைத்தார்கள்.

‘தி ரோடு’ (2009) போன்ற படங்களில் பிழைத்தவன் தனியாள். தள்ளுவண்டி, துப்பாக்கி, ஒரு மகன். எதிரே வருகிறவன் எல்லாம் எதிரி. பெட்டிமுடியில் பிழைத்தவர்கள் மண்ணைத் தோண்டியது பக்கத்து லயத்துக்காரருக்காக. அதன் பிறகு அவர்களுக்கு வந்த சிக்கல் எந்தப் படத்திலும் இல்லாதது. தோட்டத் தொழிலாளிக்கு லயம் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை இருக்கலாம், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த இடத்தில் அவர்கள் பெயரில் ஒரு சென்ட் இல்லை. எனவே ஊரே மண்ணுக்குள் போனபோது, வீட்டை இழந்தேன் என்று காட்ட அவர்களிடம் பட்டா இல்லை. எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார்வாலியில் அரசு கொடுத்த நிலத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்ற எஸ்டேட்டுகளில் மழைக்காலத்தில் மலையைப் பார்த்தபடி தூங்குகிறவர்கள் அதே லயங்களில்தான் இருக்கிறார்கள்.

‘ஃப்யூரி ரோட்’டில் கோட்டையைக் கைப்பற்றுவது பெண்கள். அந்தப் படம் உலகமெங்கும் ஓடிய அதே 2015-ல், செப்டம்பர் மாதம், மூணாறு சாலையை ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ஒன்பது நாள் மறித்தார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததை எதிர்த்து. தொழிற்சங்கத் தலைவர்களை, ஆண்களை, கிட்டே சேர்க்கவில்லை. பெயர் ‘பொம்பிளை ஒருமை’. அவர்கள் கேட்ட 20 சதவீதம், போனஸும் கருணைத்தொகையுமாகக் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், 301 வரை வந்தது.

அந்த ஒன்பது நாளில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் கோமதி. பெட்டிமுடியில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த அடுத்த வாரம் முதல்வரும் ஆளுநரும் வந்தார்கள். கோமதி மூணாறு சாலையில் இறங்கி நின்று, தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்தமாக நிலமும் வீடும் வேண்டும் என்று கேட்டார். போலீஸ் அவரை அப்புறப்படுத்தியது. வண்டிகள் போயின. நிலம் கேட்கும் மனுக்கள் இன்னும் தேவிகுளம் தாலுகாவில் போய்க்கொண்டிருக்கின்றன.